சொல்வள மதிப்பெண்ணை ஐக்யூவோடு ஒப்பிடும்போது செய்யக்கூடாதவை

பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்குச் சொல்வளத் தேர்வில் 84, வெக்ஸ்லர் நுண்ணறிவுத் (ஐக்யூ) தேர்வில் மொத்தம் 97 என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் முதலில் கேட்பது, "இதுல எது சரி?" என்றுதான். இரண்டும் சரியாகவே இருக்கலாம். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 15 என்று இரண்டும் ஒரே அளவுகோலில் அச்சாகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

படத்தைக் காட்டும் சொல்வளத் தேர்வுகளில் பெயர்பெற்றது பீபாடி தேர்வு. அமெரிக்காவில் லாயிட் டன், லியோட்டா டன் தம்பதி 1959இல் வெளியிட்டது. ஒரு பக்கத்தில் நான்கு படங்கள். தேர்வாளர் ஒரு சொல்லைச் சொல்வார், பிள்ளை உரிய படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். வாய் திறக்க வேண்டாம், எழுத்து தெரிய வேண்டாம், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் பதிப்பு இந்த மதிப்பெண்ணை ஐக்யூ என்றே அழைத்தது. 1981இல் திருத்தியபோது அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். ஆக்கியவர்களே விட்டுவிட்ட பெயரை அறிக்கையில் மறுபடி எழுதுவதுதான் முதல் தவறு.

வெக்ஸ்லரின் சிறுவர் தேர்வு (1949இல் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2014) வேறு வகை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள கோலத்தைக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் கடிகாரம் ஓடும். எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். இதிலும் சொல்வளப் பகுதி உண்டு. ஆனால் அங்கே பொருளை வாயால் விளக்க வேண்டும். கேட்டால் புரிகிற பிள்ளைக்கு விளக்கவும் வரும் என்று சொல்ல முடியாது.

அடுத்த தவறு ஆய்வுக் கட்டுரை படிப்பவர்களுக்கும் நேர்வது. இரண்டு தேர்வுகளுக்கும் ஒட்டுறவு (ஒன்று ஏறினால் மற்றதும் சேர்ந்து ஏறும் அளவு; முழுமையானால் 1) அதிகம், அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போதும் என்று முடிவுகட்டுவது. எல்லோருக்கும் ஒரு தேர்வில் சரியாகப் பத்து மதிப்பெண் குறைந்தாலும் ஒட்டுறவு முழுதாக 1 என்றே வரும். மறுபுறம், குழுவின் சராசரிகள் ஒன்றாக இருந்தாலும் தனி ஒருவரின் இரு மதிப்பெண்கள் எட்டி நிற்கலாம். ஒட்டுறவு 0.7 என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். சொல்வளத்தில் 84 எடுத்தவருக்கு எதிர்பார்க்கக்கூடிய ஐக்யூ சுமார் 89. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு அது 68க்கும் 110க்கும் இடையில் எங்கேயும் விழலாம். மேலே சொன்ன பையனின் 97 இதற்குள் தாராளமாக அடங்குகிறது. அறிவுசார் குறைபாட்டின் எல்லை முதல் சராசரிக்கு மேல் வரை நீளும் இந்த இடைவெளியை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பை எப்படித் தீர்மானிப்பது?

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குச் சொற்கள் இரண்டு மொழியிலும் பிரிந்து கிடக்கும். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறையத்தான் செய்யும். 'அப்படியானால் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டுவிடலாமே' என்பது அதைவிட மோசமான யோசனை. இந்தத் தேர்வில் சொற்கள் எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக வரும். தவறுகள் குவிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆங்கிலத்தில் அவ்வளவு எளிதில்லாத 'சிசல்' தமிழில் 'உளி'யாகி, தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே தெரிந்த சொல்லாகிவிடும். வரிசை குலைந்தால் நிறுத்தும் இடமும் தவறும். அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துக் கட்டிய மதிப்பெண் அட்டவணையும் அதன்பின் பொருந்தாது.

பதின்பருவத்தில் இன்னொன்றும் சேர்கிறது. இந்த வயதில் புதுச் சொற்கள் பெரும்பாலும் வாசிப்பில்தான் வருகின்றன. டிஸ்லெக்சியாவால் (வாசிப்பதில் உள்ள குறைபாடு) புத்தகத்தைத் தவிர்த்துவந்த பிள்ளைக்கு யோசிக்கும் திறன் குறையாமலே சொல்வளம் பின்தங்கும்.

தேர்வு எப்போது தரப்படுத்தப்பட்டது, அதாவது எந்தக் காலத்து மக்களை வைத்து அதன் மதிப்பெண் அட்டவணை கட்டப்பட்டது என்று பார்க்காமல் ஒப்பிடவும் கூடாது. அமெரிக்கத் தரவுகளில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று மதிப்பெண் வீதம் மக்களின் ஐக்யூ ஏறிவந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் காட்டினார். பழைய அட்டவணையில் மதிப்பிட்டால் மதிப்பெண் வீங்கித் தெரியும். இந்தியாவில் புழங்கும் மாலின் நுண்ணறிவுத் தேர்வு 1969இல் வந்தது. பினே-காமத் என்ற இன்னொரு நுண்ணறிவுத் தேர்வு 1930களைச் சேர்ந்தது, அதுவும் மன வயதை (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்கிறது என்பதை) உண்மை வயதால் வகுக்கும் முறை. அந்த எண்ணைப் புதிய வெக்ஸ்லர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிப்பதில் பொருளில்லை.

முழுத் தேர்வு என்றாலே வேதவாக்கும் இல்லை. உட்பகுதிகளில் ஒன்று 120, இன்னொன்று 80 என்று கிடந்தால் மொத்த எண்ணை ஒதுக்கிவிட்டுப் பகுதிகளைப் படிப்பதே மேல். அறிவுசார் குறைபாடு என்று முடிவெடுக்க, அன்றாடக் காரியங்களைப் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்ற மதிப்பீடும் கட்டாயம் வேண்டும்.

யாரை விரிவாகச் சோதிக்க வேண்டும் என்று சலித்தெடுக்க மட்டும் சொல்வளத் தேர்வு போதும். நேரம் நெருக்கினால், சொல்வளத்தோடு சொல் தேவைப்படாத வடிவப் புதிர்களையும் சேர்த்த சுருக்கத் தேர்வைக் கேளுங்கள். 1999இல் வெளிவந்த வெக்ஸ்லர் சுருக்கத் தேர்வில் இந்த இரண்டு பகுதிகளை மட்டும் தரும் வடிவம் உண்டு. அரை மணிக்குள் முடியும்.