ஆஞ்சியோகிராமுக்கு முன் வரும் பயம்: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூர் ஐ.ஜே.என். என்னும் தேசிய இதய மருத்துவமனைக்கோ ஆஞ்சியோகிராம், அதாவது இதய இரத்தக் குழாய்களில் சாயமருந்து செலுத்திப் படம் எடுக்கும் சோதனை, செய்துகொள்ளப் புறப்படும் பெரியவருக்கு வீட்டார் சொல்லும் முதல் ஆறுதல், "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்பதுதான். அன்பில் பிறந்த சொல்லானாலும் பெரிய தவறு இதுவே. கேட்டவர் தம் பயத்தை வெளியே சொல்வதை நிறுத்திக்கொள்வாரே தவிர, பயம் குறையாது. நடக்கப்போவதை வரிசையாகச் சொல்வதே அவருக்கு உதவும். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ மரத்துப்போக ஊசி போடுவார்கள், பெரும்பாலும் அவர் விழித்தே இருப்பார், அறை குளிரும், சாயமருந்து செல்லும்போது சில நொடிகள் உடம்பில் சூடு பரவுவதுபோல் தோன்றலாம். இந்தச் சூட்டைப் பற்றி முன்பே கேள்விப்படாதவர், ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது என்று மேசையிலேயே பதறக்கூடும்.

மருத்துவர் மலாயில் விளக்கும்போது, காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி மரியாதைக்காகத் தலையாட்டுவார். அதைப் புரிந்துகொண்டதன் அடையாளமாக எண்ணிவிடக் கூடாது. கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொன்னால் எது விளங்கவில்லை என்பது தெரிந்துவிடும். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

"மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்று அவசரப்படுத்துவதும் பயனற்றது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்கள் மதமதக்கும். இதய நோயாளி அதையே மாரடைப்பு என்று நினைத்து மேலும் அஞ்சுவார். மூக்கால் இயல்பாக இழுத்து, அதைவிட நீளமாக, மெதுவாக வெளிவிடுவதைச் சில நாள் முன்பே வீட்டில் பழக்கியிருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு வலித்தாலோ மூச்சு திணறினாலோ அதைப் பயம் என்று ஒதுக்காமல் உடனே தாதியை அழைக்க வேண்டும்.

இசை கேட்பது அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்தைக் குறைக்கக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளியாக இருக்கட்டும். தேவாரம் கேட்டால் மனம் தணியும் என்று பிள்ளைகள் முடிவுசெய்ய, அப்பாவோ பழைய சினிமாப் பாட்டுக்கு ஏங்கிக்கொண்டிருப்பார்.

வேன் பிடித்து வந்து, யாருக்கோ இதயக் குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் வைத்து என்னவோ ஆன கதையைக் கட்டிலருகே சொல்லும் உறவினரை வாசலிலேயே நிறுத்துவது நல்லது. கோயில் கயிறு மணிக்கட்டில் இருந்தால், கடைசி நேரத்தில் கத்தரிக்கும் நிலை வராதபடி முதல் நாளே தாதியிடம் கேட்டுக் கழற்றிப் பத்திரப்படுத்தலாம். திருநீறு பூசிவிடலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். உண்ணாமல் இருக்கச் சொன்ன நேரத்தில் தீர்த்தமும் பிரசாதமும் வாயில் இடக் கூடாது. சாப்பிடலாம் என்று தாதி சொன்ன பிறகு கொடுக்கலாம்.