டீசல் ஹேட்ச்பேக் வாங்க: குதிரைத்திறனை விட டார்க்கைப் பாருங்கள்

சிக்கனமாகவும் ஓட்டுவதற்கு உற்சாகமாகவும் இருக்கும் டீசல் ஹேட்ச்பேக் வேண்டுமென்றால், குதிரைத்திறனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை, அதாவது இழுக்கும் திறன்) எவ்வளவு, அது எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) முழுமையாகக் கிடைக்கிறது, வண்டியின் எடை என்ன என்பவற்றை முதலில் பாருங்கள். டர்போ டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுப்பதால், 1,750 ஆர்பிஎம்மில் உச்ச டார்க் தரும் வண்டியை, 2,500 வரை காத்திருக்க வைக்கும் வண்டியைப் போல அடிக்கடி கியரைக் குறைத்து விரட்ட வேண்டியிருக்காது. எரிபொருள் மிச்சமாவதும் அதனால்தான். எடையையும் சேர்த்துப் பார்த்தால், 1,000 கிலோ வண்டியில் 200 நியூட்டன் மீட்டர் டார்க் என்பது, 1,300 கிலோ வண்டியில் 250 நியூட்டன் மீட்டரை விடச் சற்றே மேலானது. எடை குறைந்த வண்டி வளைவுகளிலும் சொன்னபடி கேட்கும், அந்தச் சுகமே தனி.

சோதனை ஓட்டத்தில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்முக்கு இறக்கி, ஆக்ஸிலரேட்டரைச் சீராக அழுத்திப் பாருங்கள். சற்றே தயங்கிவிட்டு இழுத்தால் சரி. நீண்ட நேரம் திணறிவிட்டுத் திடீரெனப் பாய்ந்தால், நெரிசலில் அந்த வண்டி உங்களைச் சோர்வடையச் செய்யும்.

தினமும் சில கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தேவையான வெப்பம் குறுகிய பயணங்களில் கிடைப்பதில்லை என்பதால், அவர்களுக்குப் பெட்ரோல் வண்டியே நல்லது.