அனிமேஷன் படம்: ஸ்டோரிபோர்டிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

அனிமேஷன் படம் எடுக்க உட்காருபவர்கள் செய்யும் முதல் தவறு, ஸ்டோரிபோர்டை, அதாவது கதையைக் காட்சி காட்சியாகக் காட்டும் ஓவியங்களை, அழகாக வரைவது. ஒரே ஓவியத்துக்கு நிழல், வண்ணம் எல்லாம் போட்டு அரை நாள் செலவழித்துவிட்டால், அப்புறம் அதைத் தூக்கிப்போட மனசு வராது. கதைக்கு அந்தக் காட்சி வேண்டாம் என்று தெரிந்தாலும் ஓவியத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்போம். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் இந்த முறை வளர்ந்தபோது, தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் குத்தி வைத்தார்கள். சரிவராததை உருவி எறியலாம், இடம் மாற்றலாம். யார், எங்கே பார்க்கிறார், என்ன செய்கிறார் என்று புரிந்தால் போதும். குச்சி மனிதர்களே போதும்.

இதைவிடப் பெரிய தவறு, அனிமேட்டிக்கைத் தவிர்ப்பது. பலகையில் பார்க்கும்போது எல்லாக் காட்சியும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்டோரிபோர்டு ஓவியங்களைத் தற்காலிகக் குரலோடும் இசையோடும் அனிமேட்டிக்காக ஓட்டிப் பார்த்தால்தான் எங்கே இழுக்கிறது என்று தெரியும். 1993இல் 'டாய் ஸ்டோரி'யை இப்படி ரீலாகப் போட்டுக் காட்டியபோது, நாயகன் வுடி யாருக்கும் பிடிக்காத சிடுமூஞ்சியாக இருந்தது வெளிப்பட்டது. வேலையை நிறுத்திக் கதையைத் திருத்தினார்கள்; படம் 1995இல் வந்தது. அதுவே அனிமேஷன் முடிந்த பிறகு தெரிந்திருந்தால்? 1937இல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காகக் குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை டிஸ்னி அனிமேட்டர் வார்ட் கிம்பால் அனிமேஷன் செய்தே முடித்திருந்தார். கதையோட்டத்துக்குத் தடை என்று அது மொத்தமாக வெட்டப்பட்டது. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படங்கள், ஓடும். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும், ஒரு கதாபாத்திரத்துக்கு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள். வெட்டினால் அத்தனையும் போச்சு.

கதாபாத்திர வடிவமைப்பிலும் இந்தக் கணக்கை மறக்கிறார்கள். கோடுபோட்ட சட்டை ஒற்றைப் படத்தில் ஜோராக இருக்கும். கையால் வரையும் படத்தில் கதாபாத்திரம் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை கோடுகளும் வளைய வேண்டும். ஒன்று பிசகினாலும் திரையில் துணி நடுங்கும். முக்கால் பக்கத் தோற்றத்தில் (சற்றே பக்கவாட்டில் திரும்பிய நிலையில்) மட்டும் வரைந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதும் ஆபத்து. முன், பக்கம், பின் என்று திருப்பி வரையுங்கள். முழுக்கக் கறுப்பாக நிரப்பியும் பாருங்கள். நிழலுருவத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி தெரிந்தால், மூக்கையும் முடியையும் மாற்றிப் பயனில்லை. உடல்வாகையே மாற்ற வேண்டும்.

வாயசைவு குரலோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டுமென்றால் வசனத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

அனிமேட்டிக் தயாரானதும் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எங்கே முழிக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி வரையுங்கள்.