நண்டு நெபுலாவை அளக்கப் போகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் தன் நண்டு நெபுலாக் கணக்கைக் காட்டினார். நண்டு நெபுலா வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றின் எச்சம்; அந்த வெடிப்பு பூமியில் தெரிந்த வருடத்தைக் கணிப்பதே கணக்கு. அட்டவணையில் ஒன்பது வரிகள் சிவப்பால் வெட்டப்பட்டிருந்தன.

"இதுகளை ஏன் தம்பி வெட்டினீர்?"

"சேர்த்தால் 1054 வருதில்லை அண்ணா."

பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே காரணத்துக்காக வெட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன். ஒளியாண்டைக் கால அளவென்று எழுதுவது போன்றவை தாமாகத் திருந்தும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகம் மாறாது என்று நம்புவது

பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் வாயு முடிச்சுகள் எவ்வளவு நகர்ந்தன என்று அளப்போம். அதே வேகத்தில் பின்னோக்கி ஓட்டி, எல்லாம் மையத்தில் சேரும் வருடத்தைக் கணிப்போம். 1054 இல் சீனர்கள் அந்தத் திசையில் ஒரு "விருந்தாளி விண்மீனை"க் குறித்துவைத்தார்கள். 23 நாட்கள் பகலிலும் தெரிந்ததாம். விடை அதுதான் என்று மனம் முதலிலேயே முடிவுகட்டிவிடும்.

எனக்கு வந்தது 1130களில் ஒரு வருடம். கை பிழைத்ததென்று நினைத்து, ஒத்துவராத முடிச்சுகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். 1054 வந்தது. போட்டியொன்றில் அதை வைத்தபோது நடுவர் ஒருவர் நீக்கிய புள்ளிகளைப் பற்றிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று மாத உழைப்பு போனதைவிட, சரியான அளவீட்டை என் கையாலேயே அழித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஏனென்றால் 1130களில் வருவதுதான் சரி. நெபுலாவின் நடுவே, செக்கனுக்கு 30 தடவை சுழலும் பல்சர் இருக்கிறது: வெடிப்பில் மிஞ்சிய, மிக அடர்ந்த விண்மீன் கரு. சுழற்சி மெல்ல மெல்லத் தளர, அது இழக்கும் சக்தி சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுகிறது. இன்று செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் வேகத்தில் விரியும் இழைகள் தொடக்கத்தில் அதைவிட மெதுவாகப் போயிருக்கின்றன. இன்றைய வேகத்தால் வகுத்தால் வயது குறைந்துதான் வரும். அந்த எழுபது, எண்பது வருட வித்தியாசமே பல்சர் தள்ளியதற்குச் சாட்சி. அதைத்தான் தம்பியும் நானும் வெட்டி எறிந்தோம்.

மற்றப் பல எச்சங்களில் இது தலைகீழ். விண்மீன்களுக்கு இடையே ஐதான வாயு உண்டு. வெடிப்பலை அதை வாரிக்கொண்டே போகிறது. வாரிய திணிவு, வெடித்துச் சிதறிய திணிவைவிடப் பல மடங்கானதும் வேகம் நன்றாகத் தளர்கிறது. ஆரை காலத்தின் 2/5 ஆம் அடுக்காகவே வளரும். அந்தக் கட்டத்தில் ஆரையை வேகத்தால் வகுத்து வரும் விடையில் 2/5 பங்குதான் உண்மை வயது. 1572 இல் வானியலாளர் டைக்கோ பிராகே கண்ட வெடிப்பின் எச்சம் இன்னும் அந்தக் கட்டத்தை முழுமையாக எட்டவில்லை. ஆனாலும் அதன் விளிம்பு ஏற்கெனவே வேகம் குறைந்துவிட்டது.

படங்களை விளிம்பை வைத்துப் பொருத்துவது

பின்னணி விண்மீன்களை வைத்துப் பொருத்துங்கள். விளிம்பு தானே நகர்கிறது.

"1054 இல் வெடித்தது" என்று எழுதுவது

ஒளி வந்து சேர்ந்த வருடம் அது.

தூரத்தைத் தேவையில்லாமல் இழுப்பது

காலம் கணிக்கத் தூரம் வேண்டாம்: மையத்திலிருந்து உள்ள கோண இடைவெளியை வருடாந்தக் கோண நகர்வால் வகுத்தால் போதும். நண்டின் ஓரங்களில் அந்த நகர்வு வருடத்துக்குச் சுமார் 0.2 விற்செக்கன் (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விற்செக்கன்).

டொப்ளர் வேகத்தை ஓரத்தில் தேடுவது

டொப்ளர், அதாவது ஒளியின் அலைநீளம் மாறுவது, காட்டுவது நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகத்தை மட்டுமே. ஓர முடிச்சுகள் பக்கவாட்டில் போகின்றன. அங்கே அது பூச்சியத்தை நெருங்கும். நடுப்பகுதியில் அளந்து, ஓரத்துக் கோண நகர்வோடு ஒப்பிட்டால் தூரமும் கிடைக்கும்: சுமார் 6,500 ஒளியாண்டு. நெபுலா உருண்டையல்ல, நீண்டது. பார்வைக்கோட்டுத் திசையில் எவ்வளவு நீளம் என்று எடுத்துக்கொள்கிறீர்களோ, அதற்கேற்ப அந்த எண் கூடும், குறையும். எடுத்துக்கொண்ட வடிவத்தையும் அறிக்கையில் எழுதிவையுங்கள்.