நாட்டுக்கு நாடு விலை வைப்பது எப்படி?

மென்பொருள், மின்னூல், ஆன்லைன் வகுப்பு என்று எதையாவது உலகம் முழுக்க விற்கிறீர்களா? டாலரில் ஒரு விலை வைத்து, அதையே அன்றைய மாற்று விகிதத்தில் எல்லா நாணயத்துக்கும் மாற்றிப் போடாதீர்கள். ஒரு நாட்டில் ஒரு மணி நேரச் சம்பளமாக இருக்கும் தொகை இன்னொரு நாட்டில் பல நாள் கூலி. எல்லோருக்கும் ஒரே விலை என்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், கூடுதலாக ஒரு பிரதி கொடுக்க உங்களுக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். மென்பொருளுக்கு அது ஏறக்குறைய பூஜ்யம், அதனால் தாராளமாகக் குறைக்கலாம். மருந்தில்கூட இது நடக்கிறது: ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கான சோவால்டி மருந்தின் 12 வாரச் சிகிச்சை 2014இல் அமெரிக்காவில் 84,000 டாலர், எகிப்து அரசுக்குக் கிடைத்த விலை 900 டாலர். செல்பேசி மாதிரியான பொருள் என்றால் கதை வேறு. உற்பத்திச் செலவும் சுங்கவரியும் குறைவதில்லை.

அப்புறம், உலக வங்கி வெளியிடும் வாங்கும் திறன் சமநிலை அட்டவணையை எடுங்கள். அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் நாணயத்தில் எவ்வளவு வேண்டும் என்று அது சொல்லும். சந்தையில் ஒரு டாலருக்கு 80 அலகு, அட்டவணையில் 20 என்று இருந்தால் விகிதம் கால் பங்கு, அதாவது 40 டாலர் பொருள் அங்கே 10 டாலர். இதை அப்படியே போட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் அந்த எண்ணில் வாடகை, முடிவெட்டு, சாப்பாடு எல்லாம் கலந்திருக்கிறது, கூலி குறைந்த நாட்டில் அவை மலிவாகத்தான் இருக்கும், மென்பொருளுக்கு ஒருவர் எவ்வளவு ஒதுக்குவார் என்பதை அது சொல்லாது. அங்கே இதே மாதிரிப் பொருட்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துத் திருத்துங்கள்.

நாணயம் வேகமாகச் சரியும் நாடுகளில் உள்ளூர் நாணயத்தில் வைத்த விலை நிலைக்காது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2023 நவம்பரில் அர்ஜென்டினா, துருக்கி நாணயங்களை விட்டுவிட்டு டாலருக்கு மாறியது, ஆனால் அந்தப் பகுதிகளுக்கென்று தனி விலை வைக்கவும் வழிவிட்டது.

மலிவு விலையில் வாங்கி வேறு இடத்தில் விற்பார்களே என்றால், அச்சுப் புத்தகத்தில் அது உண்மையான சிக்கல்தான். தாய்லாந்திலிருந்து மலிவுப் பதிப்புப் பாடநூல்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்ற மாணவருக்குச் சாதகமாகவே 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டலில் தடுப்பது எளிது: வாங்குபவர் எந்த நாட்டிலிருந்து இணைகிறார் என்று காட்டும் ஐபி முகவரியை நம்பாதீர்கள், இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் சேவையைப் போட்டு மாற்றிவிடுவார்கள், பணம் செலுத்தும் அட்டை எந்த நாட்டு வங்கியுடையது என்று பாருங்கள். வருமானச் சான்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், குறைந்த விலை பக்கத்தைத் திறந்ததுமே தெரியட்டும்.