லெமினேட் செய்த பத்திரமும் ஒரு விண்ணப்பமும்: மரபுரிமைப் பேணல் பயிற்சியில் சேர்வது எப்படி?

ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலத்தில், ஹட்டன் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை லெமினேட் செய்தேன். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் அலைந்து திரிந்து வாங்கிய தாள் அது. மடிப்பில் கிழிந்திருந்தது, ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. பளபளவென்று கொண்டுவந்து அப்பாயியிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "தாளு எங்கய்யா? பிளாஸ்டிக்குதான கையில படுது" என்றார்.

அடுத்த வருடம் பழைய தாள்களைப் பேணுவது பற்றித் தேடிப் படித்தபோதுதான் என் வேலையின் லட்சணம் புரிந்தது. லெமினேட் செய்யும்போது சூட்டில் இளகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிரிக்கப் போனால் எழுத்தும் கூடவே வரும். பின்னால் வருபவர் நீக்க முடியாத எதையும் பழைய பொருளில் சேர்க்கக் கூடாது என்பது பேணல் வேலையின் அரிச்சுவடி. அதையே நான் காசு கொடுத்து மீறியிருந்தேன்.

பயிற்சிக்கு நான் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில் இந்தக் கதை இல்லை; நிராகரித்தார்கள். இரண்டாவதில் இருந்தது, கூப்பிட்டார்கள். அந்த இரண்டு விண்ணப்பங்களுக்கும் நடுவில் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பொருளில் கை வைக்கப் போகிறீர்கள்?

பேணல் என்றால் இருப்பது மேலும் கெடாமல் பார்ப்பது. மீளமைப்பு என்றால் இழந்த பகுதியைத் திரும்பக் கொண்டுவருவது. விளம்பரத்தில் இரண்டும் ஒட்டியே வரும். ஆனால் ஆரம்பப் பயிற்சிகளில் படம் எடுப்பது, அளப்பது, தூசு தட்டுவது, எழுதி வைப்பது ஆகியவற்றில்தான் நாள் போகும். உளியும் தூரிகையும் கையில் வரும் என்று துள்ளிக்கொண்டு போகிறவர்கள் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

கட்டடம், தாளும் ஏடும், மரம், உலோகம், சுவரோவியம், துணி என்று பிரிவுகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாவற்றிலும் ஆர்வம்" என்று எழுதினால் எதிலும் ஆர்வமில்லை என்றுதான் படிப்பார்கள். அப்பா கொத்தனார் என்றால் கட்டடம், மாமா தச்சர் என்றால் மரம் என்று வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

படி 2: எங்கே தேடுவது?

தொல்பொருள் திணைக்களம் 1890 முதல் இருக்கிறது. மத்திய கலாசார நிதியம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இரண்டின் அறிவித்தல்களையும், வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் பார்த்து வாருங்கள். கண்டி 1988இலும் தம்புள்ளை 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. மரவேலைக்குப் பெயர்போன எம்பக்க தேவாலயமும் கண்டிப் பக்கம்தான். ஆகவே பார்த்துப் பழகுவதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வெளிநாட்டில் ரோமிலுள்ள இக்ரொம் (ICCROM) என்ற சர்வதேசப் பேணல் நிறுவனம், இந்தியாவில் 1984இல் தொடங்கிய இன்டாக் (INTACH) என்ற மரபுரிமை அமைப்பு ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். இக்ரொம் வகுப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கானவை. முதல் விண்ணப்பத்தை அங்கே அனுப்பி மனம் உடைய வேண்டாம்; தொண்டர்களைச் சேர்க்கும் குறுகிய களப் பயிற்சிகளைத் தேடுங்கள்.

இடையில் ஒரு கிளைக் கதை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வைத்த எல்லைக்கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். நம் ஆட்கள் கோப்பிக் காட்டுக்கு வந்ததும், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் எழுந்ததும், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டதும் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். பிந்திய கட்டடங்களையும் தனியாக அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு, ஆனால் யாராவது கேட்க வேண்டும். கம்பளைப் பக்கத்தில் பழைய லயத்திலேயே அமைந்திருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். விண்ணப்பத்தில் எழுத உங்களுக்கு என்ன இருக்கிறது என்று அங்கே தெரியும்.

விளம்பரம் கிடைத்ததும் இவற்றைப் பாருங்கள்: தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி யார் பொறுப்பு? எந்த மொழியில் பயிற்சி? பொருளைத் தொட விடுவார்களா, விரிவுரை மட்டுமா? பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

படி 3: ஒரு பக்க நிலை அறிக்கை தயாரியுங்கள்

பெரும்பாலான பயிற்சிகள் இதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் இணைத்து அனுப்புங்கள். அனுபவம் இல்லாத ஒருவரிடம் அனுபவத்துக்குப் பதிலாக இருக்கக்கூடியது இந்த ஒரு தாள்தான்.

நிலை அறிக்கை என்பது ஒரு பொருள் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்ற பதிவு. நான் எடுத்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பின்சுவர். முதலில் கோயில் தலைவரிடம் அனுமதி கேட்டேன். அவருக்குச் சந்தேகம்: "சொவத்துல என்னத்தடா பாக்கப் போற?" பார்க்க நிறைய இருந்தது.

முதலில் முழுச் சுவரையும் ஒரே படமாக எடுங்கள். பிறகு பழுது உள்ள இடங்களைக் கிட்டப் போய், பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள். சாயங்காலம் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ இன்னொரு படம். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த சுவரில் வீக்கமும் வெடிப்பும் அப்போது எழுந்து நிற்கும். போன் கெமரா போதும்.

அடுத்து ஒரு கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் காரணம் என்று நினைப்பது. இரண்டையும் கலக்காதீர்கள். என் கொப்பியில் இருந்தது இப்படி:

இடது: "தரையிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சீமெந்துப் பூச்சு. பூச்சு உறுதியாக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள செங்கல் விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. செங்கல்லில் வெள்ளை உப்புப் படிவு."

வலது: "பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சித் திரும்ப வெளியே விடும். சீமெந்து விடாது. அடைபட்ட ஈரம் பூச்சைச் சுற்றிக்கொண்டு செங்கல் வழியாக வெளியேறுகிறது. காயும்போது உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உடைக்கிறது போலிருக்கிறது."

அந்த 'போலிருக்கிறது' முக்கியம். உறுதியாகத் தெரியாததை உறுதியாக எழுதுகிறவரிடம் பழைய பொருளைக் கொடுக்கப் பயப்படுவார்கள். (அந்தச் சீமெந்தைப் பூசியது யார் என்று விசாரித்தேன். எங்கள் அப்பாவும் நண்பர்களும், ஒரு திருவிழாவுக்கு முதல் நாள். அறிக்கையில் பெயர் போடவில்லை.)

சுவர் வேண்டாம் என்றால் பழைய தப்பு மேளம், சாமி வாகனம், பித்தளைக் குடம், குடும்பப் படம் எதுவும் ஆகும். ஒரே நிபந்தனை: துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள். எழுதுவதோடு நிறுத்துங்கள். எழுத்து ஒரு பக்கம்; படங்களும் சேர்ந்து ஓர் ஏ4 தாளின் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

படி 4: விருப்பக் கடிதம்

என் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: "நமது பாரம்பரியத்தைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் தலையாய கடமையாகும்." பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு முதல் பரிசு கிடைக்கும், பயிற்சியில் இடம் கிடைக்காது. இரண்டாவது இப்படி: "என் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை நான் லெமினேட் செய்து கெடுத்துவிட்டேன். அதை ஏன் செய்திருக்கக் கூடாது என்று இப்போது ஓரளவு தெரியும். செய்யக்கூடியது என்ன என்று கற்க விரும்புகிறேன்."

உங்களுக்குத் தெரிந்த கைவேலையை வெட்கப்படாமல் எழுதுங்கள். லயத்துக் காம்பிராவில் வளர்ந்தவர்களுக்குத் தகரக் கூரையில் எங்கே ஒழுகும், மழைக்காலத்தில் எந்தச் சுவர் வியர்க்கும், இஸ்தோப்பில் எந்தப் பக்கம் முதலில் பாசி பிடிக்கும் என்று தெரியும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் தாளில் பூஞ்சணம் வளரத் தொடங்கும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். தலைமாட்டில் வைத்த கொப்பி மே மாதத்தில் எப்படி நாறும் என்று நாம் அதற்கு முன்பே பார்த்திருக்கிறோம். மேசன் வேலையிலோ தச்சு வேலையிலோ என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருந்தால் ஏ.எல் பெறுபேற்றுக்கு மேலே அதைப் போடுங்கள்.

படி 5: ஆவணங்கள்

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் வழுக்குகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஓ.எல் சான்றிதழில் மூன்றாவது. தோட்டத்தில் யாரோ காதில் விழுந்தபடி பதிந்ததன் விளைவு. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்துங்கள். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழுக்கு அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பஸ் காசு தெண்டம். வெளிநாட்டுப் பயிற்சி என்றால் கடவுச்சீட்டை முதலில் எடுத்துவிடுங்கள். கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது.

படி 6: சிபாரிசுக் கடிதம்

அரசியல்வாதியின் கடிதம் வேண்டாம். நீங்கள் பொறுமையாக ஒரு வேலையை முடித்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் கேளுங்கள்: சித்திர ஆசிரியர், பாடசாலை நூலகர், நீங்கள் உதவியாளாகப் போன மேசன் பாஸ். பாஸுக்கு எழுத நேரமில்லை என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள்.

படி 7: நேர்முகம்

எனக்கு ஸூமில் நடந்தது. வீட்டில் சிக்னல் இல்லை. மேட்டு லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்தேன். சந்திப்புக்கு முதல் நாள் அதே நேரத்துக்கு அங்கே போய் ஒரு வட்ஸ்அப் வீடியோ அழைப்பு எடுத்துப் பார்த்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். நான் இரண்டு தடவை சொன்னேன்.

கடைசியில் ஒருவர் கேட்டார்: "அந்தப் பத்திரத்தை இப்போது உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?" பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் பார்ப்பேன் என்று வாய் வரை வந்தது. "ஒன்றும் செய்யமாட்டேன். ஸ்கேன் எடுத்துவிட்டு, அடுப்புச் சூடும் வெயிலும் படாத இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கேட்பேன்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, ஏற்புவலி ஊசி போட்டிருக்கிறேனா, உயரத்தில் சாரக்கட்டில் ஏறப் பயமா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஊசி போட்டிருக்கவில்லை. நீங்கள் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். பையில் கால் மூடிய சப்பாத்து, முழுக்கைச் சட்டை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் இருக்கட்டும். சுண்ணாம்பு நீற்றும்போது தெறித்தால் கண் போய்விடும்.