மரவில்லைச் சூட்டில் வாட்டுவது எப்படி?

கையால் செதுக்கிய வில், நாணைக் கழற்றிய பிறகும் நிமிராமல் வளைந்தே கிடக்கிறதா? இழுப்பவரைப் பார்த்திருக்கும் உள்பக்கம் அழுத்தம் தாங்காமல் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேப்பிள், ஆஷ், எல்ம் மாதிரி வெளிர் மரங்களில் இது அதிகம். அந்தப் பக்கத்தை மட்டும் பக்குவமாக வாட்டினால் மரம் இறுகும், காற்றின் ஈரத்தையும் குறைவாகவே இழுக்கும்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் வெடித்துவிடும். கைப்பிடிக்கு மேலும் கீழும் சீராக வளையும்படி செதுக்கி முடித்த பிறகு கையில் எடுக்க வேண்டிய வேலை இது. வார்னிஷ், எண்ணெய் எதுவும் பூசியிருக்கக் கூடாது. நேரான தடித்த பலகையில் உள்பக்கம் மேலே தெரியும்படி வில்லை வைத்து, கைப்பிடிக்கு அடியில் 3 செ.மீ. உயரக் கட்டை ஒன்றைக் கொடுத்து, இரண்டு நுனிகளையும் பலகையோடு கிளாம்ப் போட்டு இறக்கிவிடுங்கள். கிளாம்பின் பிளாஸ்டிக் முனை உருகும், நடுவே மரத்துண்டு வையுங்கள்.

அப்புறம் ஹீட் கன். பெயின்ட் உரிக்கப் பயன்படுகிற சாதாரணமானதே போதும், தலைமுடி உலர்த்தும் டிரையரில் இந்தச் சூடு வராது. வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு வேலை செய்யுங்கள். 8 முதல் 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு சாண் நீளத்துக்குள் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு வறுத்த வாசனை எழும், வரிகளின் ஓரத்தில் தேன் நிறம் ஊறத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, பால் கலந்த காபி நிறத்துக்கு வரும்போது அடுத்த சாணுக்கு நகருங்கள். சீக்கிரம் முடிக்க நினைத்துக் கிட்டே கொண்டுபோனால் மேல்தோல் மட்டும் கருகும், உள்ளே சூடு இறங்காது. ஒரு பாதிக்கே முக்கால் மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

இடையிடையே வில்லின் முதுகுப் பக்கத்தை, அதாவது உள்பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை, விரலால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். வில்லை இழுக்கும்போது விரிந்து கொடுக்க வேண்டியது முதுகுதான், அது வெந்துபோனால் முறுகி உடையும். முதுகில் விலங்கு நரம்போ மூங்கிலோ ஒட்டியிருந்தால் பசை விட்டுவிடும், அந்த வில்லுக்கு இது வேண்டாம்.

முழுவதும் ஆறும்வரை கிளாம்பைக் கழற்றாதீர்கள், ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். கழற்றிய பிறகும் ஒரு வாரம் வளைக்கவே கூடாது. சூட்டில் ஈரம் முழுக்கப் போன மரம் காற்றிலிருந்து கொஞ்சமாவது திரும்ப எடுக்க வேண்டும். நான் ஒருமுறை மறுநாளே நாண் ஏற்றினேன், பாதி இழுப்பில் முதுகு பிளந்துவிட்டது. இரண்டு மாத உழைப்பு அது.

ஒரு வாரம் கழித்து இழுத்துப் பார்த்தால் வில் முன்னைவிட விறைப்பாக இருக்கும், ஒரு பாதி மற்றதைவிடக் கூடுதலாகவும் இறுகியிருக்கலாம். எடுத்ததும் முழுசாக இழுக்காமல், சிறிது சிறிதாக வளைத்து, விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டிச் சமப்படுத்துங்கள்.